மரத்தை உடைத்துப் படிப்போம்: செட்டிநாட்டு மாணவர்களுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை வட்டாரத்தில் பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ சிவில் எடுத்து முதலிரண்டு ஆண்டுகளில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டடக்கலை படிப்பவர்களும், பிளஸ் டூவில் இயற்பியல் ப்ராஜெக்ட்டுக்கு யோசனை தேடுபவர்களும் தாராளமாகச் சேர்ந்துகொள்ளலாம். சிவில் பாடங்களில் கான்கிரீட்டும் இரும்பும் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. மரம் ஓரமாக வந்து போகிறது. செட்டிநாட்டில் இருந்துகொண்டு மரத்தைப் பற்றித் தெரியாமல் சிவில் முடிப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம். பள்ளத்தூர், கானாடுகாத்தான், கொத்தமங்கலம், ஆத்தங்குடி என்று எந்த ஊர்த் தெருவில் நடந்தாலும் தலைமுறை தலைமுறையாகச் சுமை தாங்கும் பர்மாத் தேக்குத் தூண்கள் கண்ணில் படுகின்றன.

வெளியுலகத்திலும் மரம் திரும்பி வந்திருக்கிறது. நார்வேயில் 18 மாடி மியோஸ்டார்னெட் 2019-இல் எழுந்தது. அமெரிக்காவின் மில்வாக்கியில் 2022-இல் முடிந்த அசென்ட் கட்டடம் 25 மாடி. அதன் மேல்மாடிகள் பெரும்பாலும் மரம்தான். அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் மாணவர் போட்டிகளில், இரண்டு மாடி மரச்சட்ட வீடு ஒன்றை மாணவர்களே வடிவமைத்து, சுமை கணக்குப் போட்டு, தங்கள் கையால் கட்டிக் காட்டுவதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். நான்கைந்து பேர், ஒரு பெயிண்ட் வாளி, ஒரு வெர்னியர், கொஞ்சம் மரக்குச்சி போதும். ஒரே ஒரு விதியை மட்டும் குழுவாக ஏற்றுக்கொள்ளுங்கள்: எடை ஏற்றும் முன்பு, எவ்வளவில் உடையும், எங்கே உடையும், எவ்வளவு தொய்யும் என்று கணக்குப் போட்டு நோட்டில் பேனாவால் எழுத வேண்டும். எழுதாமல் வாளியைத் தொடக் கூடாது. குச்சியில் பாலம் கட்டி, உடைத்து, கைதட்டி முடிக்கும் போட்டிகள் நிறைய நடக்கின்றன. எந்தப் பாலம் ஜெயித்தது என்று எல்லாருக்கும் தெரியும், ஏன் ஜெயித்தது என்று கேட்டால் பதில் வராது. நீங்கள் எழுதிவைத்த எண்ணும் வாளி காட்டிய எண்ணும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று உட்கார்ந்து பேசுகிற அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

முதலில் ஒரு வீட்டை அளந்து பாருங்கள்

மரம் வாங்கும் முன் ஒரு பழைய வீட்டுக்குப் போங்கள். ஆத்தங்குடியில் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்க்க விடும் பெரிய வீடு உண்டு. உங்கள் வகுப்பில் யாராவது ஒருவருக்குத் தெரிந்த வீடு இருந்தால் இன்னும் நல்லது. “ஆச்சி, எதையும் தொட்டுக் கலைக்க மாட்டோம், தூணோட அளவு மட்டும் எடுத்துக்கிறோம்” என்று சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போங்கள். டேப், நூல், பென்சில், போன் தவிர வேறெதுவும் வேண்டாம்.

முகப்பிலோ வளவிலோ ஒரு வரிசைத் தூணை எடுத்துக்கொள்ளுங்கள். தூணின் உயரம், நூலைச் சுற்றி எடுத்த சுற்றளவு, தூணுக்குத் தூண் இடைவெளி, மேலே தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே இருக்கும் செதுக்குக் கட்டையான போதிகையின் நீளம், உத்திரத்தின் அகலமும் ஆழமும், கைமரங்களின் இடைவெளி. மேலே இருப்பது நாட்டு ஓடா, அல்லது மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்புக் காரையில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சுமை எவ்வளவு என்பது அதைப் பொறுத்தது.

இரண்டு இடங்களில் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒன்று, தூணின் அடி. பெரும்பாலும் மரம் தரையைத் தொடாமல் கல் பீடத்தின் மேல் நிற்கும். மரத்தின் வெட்டுமுகம்தான் தண்ணீரை மிக வேகமாக உறிஞ்சும் பக்கம். கல் அந்த வழியை அடைக்கிறது. கரையான் ஏறினாலும் கல்லின் மேல் மண்தடம் தெரிந்துவிடும்.

மற்றொன்று போதிகை. அதன் செதுக்கலைப் படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. அது செய்யும் வேலையையும் பாருங்கள். தூண்களுக்கு நடுவே 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போதிகை இரண்டு பக்கமும் 30 செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தால், உத்திரம் தாங்கலின்றி நிற்கும் தூரம் 1.8 மீட்டராகிவிடும். சீராகப் பரவிய சுமைக்கு, தொய்வு அந்தத் தூரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. போதிகை அசையாது என்று வைத்துக் கணக்குப் போட்டால், தொய்வு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. போதிகைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நார் ஓடும் திசையில் அழுத்தினால் தாங்கும் அளவுக்கு, நாருக்குக் குறுக்கே அழுத்தினால் மரம் தாங்காது. பல மடங்கு குறைவு. தூணின் உச்சியில் நார் நின்றவாட்டில் இருக்கிறது, உத்திரத்தில் படுத்தவாட்டில். ஆகவே நசுங்கப் போவது உத்திரம்தான். போதிகை அந்த அழுத்தத்தை நீளமான பரப்புக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இந்த இரண்டையும் பின்னால் மாதிரி செய்து சோதிக்கப் போகிறோம்.

எந்த மரம் வாங்குவது

தேக்கில் தொடங்காதீர்கள். விலை அதிகம் என்பது ஒரு காரணம். தேக்கில் உள்ள சிலிக்கா ரம்பத்தின் கூர்மையையும் உளியின் கூர்மையையும் சீக்கிரம் மழுக்கிவிடும், கைபழகாதவர்களுக்கு அது தொல்லை. இயந்திரங்கள் வந்திறங்கும் பேக்கிங் பெட்டிகளின் பைன் மரம் மலிவு. நார் நேராக ஓடும், அறுக்கச் சுலபம். பழைய பெட்டி விற்கும் கடையிலும் மரவாடியிலும் கிடைக்கும். ஒப்பிட்டுப் பார்க்க உள்ளூர் மரம் ஒன்றும் வேண்டும். வேம்பு நல்ல தேர்வு. அதில் நார் முன்னும் பின்னும் பின்னிக்கொண்டு ஓடுவதால் முடிவுகள் பைனைவிடச் சிதறும். அந்தச் சிதறலே ஒரு பாடம். பூவரசும் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். தச்சுப் பட்டறையில் கேட்டால் வெட்டி ஒதுக்கிய துண்டுகளைக் கொடுப்பார்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் இடித்த வீடுகளின் தூணும் போதிகையும் கதவும் விற்கிறார்கள். அங்கே போய்க் கழுந்து (ஒரு மரத்தின் துளைக்குள் செருக இன்னொரு மரத்தின் நுனியில் வெட்டும் நாக்கு) எப்படி வெட்டியிருக்கிறார்கள், ஆணி இல்லாமல் எப்படிப் பூட்டியிருக்கிறார்கள் என்று அவசியம் பாருங்கள். அவற்றை வாங்கி உடைக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். 1942-க்குப் பிறகு பர்மாவோடு இருந்த அந்த வியாபாரத் தொடர்பு பழையபடி திரும்பவில்லை. அந்த மரம் இனி வரப்போவதில்லை.

அறுக்கும் முன் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். பட்டறையில் எந்த ஆசாரியும் முதலில் சொல்வது, “தம்பி, நார் ஓட்டத்தப் பாத்து அறு” என்பதுதான். மேலோட்டமாகத் தெரியும் வரிகளை மட்டும் நம்பாதீர்கள். ஓரத்தில் ஒரு சிறு துண்டை உளி வைத்துப் பிளந்து பாருங்கள். பிளவு போகிற வழிதான் நாரின் வழி. 10 செ.மீ. நீளத்தில் 1 செ.மீ. சரிந்தால், வளைவைத் தாங்கும் வலிமை நேரான மரத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான் நிற்கும். 5 செ.மீ.க்கு 1 செ.மீ. சரிந்தால் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும். அவ்வளவு சரிவு உள்ள குச்சியையும் கணு உள்ளதையும் ஒதுக்குங்கள், ஆனால் தூக்கி எறியாதீர்கள். அவற்றையும் தனியாக உடைத்துப் பார்க்க வேண்டும்.

ஈரம்

மரம் ஈரமாக இருந்தால் பலம் குறைவு, காயக் காய பலம் ஏறும். செல்சுவரின் உள்ளே மட்டும் நீர் தங்கி, குழல்களில் தனி நீர் இல்லாத நிலை சுமார் 25 முதல் 30 சதவீத ஈரத்தில் வரும். அதற்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கவும் இறுகவும் தொடங்குகிறது. சோதனைக் கூடங்கள் 12 சதவீதத்தைப் பொது அளவாக வைத்து முடிவுகளை ஒப்பிடுகின்றன.

கண்டுபிடிப்பது சுலபம். உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு துண்டு வெட்டி உடனே எடை போடுங்கள். கல்லூரி ஆய்வகத்து ஓவனில் சுமார் 103 டிகிரி செல்சியஸில், எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை காயவிட்டு மறுபடி எடை போடுங்கள். இழந்த எடையைக் காய்ந்த எடையால் வகுக்க வேண்டும், ஈர எடையால் அல்ல. 48 கிராம் துண்டு 42 கிராமானால், 6-ஐ 42-ஆல் வகுத்து 14.3 சதவீதம். ஓவன் இல்லாவிட்டால், அறுத்த குச்சிகளை நிழலில், காற்றோட்டமாக, கட்டைகள் வைத்து இடைவெளி விட்டு அடுக்கிச் சில வாரம் விடுங்கள். செட்டிநாட்டுக் கோடைக் காற்று மீதி வேலையைச் செய்யும். வெயிலில் போட்டால் நுனி வெடிக்கும்.

முதல் சோதனை: ஒரு குச்சி, ஒரு வாளி

10 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழம், 450 மி.மீ. நீளத்தில் ஒரே பலகையிலிருந்து குறைந்தது பத்துக் குச்சிகள் அறுத்து இழைத்துக்கொள்ளுங்கள். பத்து எதற்கு என்று கேட்கலாம். கணுவில்லாத, நார் நேரான, ஒரே இன மரத்திலேயே வளைவு வலிமை சராசரியிலிருந்து 16 சதவீதம் அளவுக்குச் சிதறுவது இயல்பு. ஒரு குச்சியை உடைத்துவிட்டு “பைனின் வலிமை இது” என்று எழுதுவது சரியல்ல.

ஒரே உயரமுள்ள இரண்டு மேசைகளை இடைவெளி விட்டுப் போடுங்கள். ஓரங்களில் 12 மி.மீ. கம்பித் துண்டு ஒன்றொன்றை நகராமல் கட்டிவையுங்கள். கம்பிக்குக் கம்பி நடுவில் சரியாக 400 மி.மீ. இருக்க வேண்டும். குச்சியை அதன் மேல் வைத்து, நடுவில் ஒரு சிறு மரக்கட்டையை உட்காரவைத்து, அதன் மேல் கயிறு போட்டு 20 லிட்டர் பெயிண்ட் வாளியைத் தொங்கவிடுங்கள். கயிறு நேரே குச்சியில் பட்டால் மரம் அங்கே நசுங்கி, கணக்கு கெடும். சுமைக்கு மணலைவிடத் தண்ணீர் நல்லது; அரை லிட்டர் மக் ஒன்று இருந்தால் படிப்படியாக ஏற்றலாம், ஒரு லிட்டர் ஒரு கிலோ. வாளியின் எடையையும் கட்டை, கயிற்றின் எடையையும் மறக்காமல் சேருங்கள். வாளிக்கு அடியில் நாலைந்து விரல்கடை மட்டும் இடம் விட்டுச் செங்கல்லும் பழைய மெத்தையும் போடுங்கள். உடையும்போது வாளி அவ்வளவு தூரம்தான் விழ வேண்டும். யாருடைய காலும் கீழே இருக்கக் கூடாது, எல்லார் கண்ணிலும் கண்ணாடி இருக்க வேண்டும். உடைகிற மரத்தின் சிராய் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.

இப்போது கணக்கு. நடுவில் ஒற்றைச் சுமை ஏறும் குச்சியில், அடிப்பக்க நாரின் தகைவு இப்படி வரும்: சுமையையும் தாங்கலுக்கிடையே உள்ள தூரத்தையும் மூன்றையும் பெருக்கி, அகலத்தின் இரு மடங்கையும் ஆழத்தின் வர்க்கத்தையும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். நம் அளவுகளுக்கு அது சுமையின் 0.6 மடங்கு என்று எளிதாக முடிகிறது. சுமை நியூட்டனில், விடை சதுர மி.மீ.க்கு நியூட்டனில். நன்கு காய்ந்த பைன் 70 தாங்கும் என்று வைத்துத் தொடங்கலாம். 70-ஐ 0.6-ஆல் வகுத்தால் 117 நியூட்டன், ஏறக்குறைய 12 கிலோ. “12 கிலோவில் உடையும், நடுவில், அடிப்பக்கம் கிழியும்” என்று நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். பிறகு மக்கை எடுங்கள்.

ஒவ்வொரு அரை லிட்டருக்கும் நடுவில் எவ்வளவு தொய்ந்தது என்று குறிக்க வேண்டும். குச்சிக்குப் பின்னால் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, அதன் பக்கத்தில் சிறு கண்ணாடித் துண்டு ஒட்டிவிட்டால், குச்சியும் அதன் பிம்பமும் ஒன்றாகத் தெரிகிற கோணத்தில் படிக்கலாம். பார்வைப் பிழை போய்விடும். மெக்கானிக்கல் துறையில் டயல் கேஜ் இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், உடையும் கட்டத்துக்கு முன்பு அதை அகற்றிவிட வேண்டும்.

சுமையை ஒரு பக்கமும் தொய்வை ஒரு பக்கமும் வைத்து வரைபடம் போட்டால் முதலில் நேர்கோடு வரும். அந்த நேர்கோட்டுப் பகுதியிலிருந்து யங் குணகம் கிடைக்கிறது. நம் குச்சிக்குச் சூத்திரம், கூடிய சுமையை 1,600-ஆல் பெருக்கி, கூடிய தொய்வால் வகுப்பது. 1 கிலோவிலிருந்து 4 கிலோவுக்குப் போகும்போது 4.7 மி.மீ. கூடுதலாகத் தொய்ந்தால், 29.4 நியூட்டனை 1,600-ஆல் பெருக்கி 4.7-ஆல் வகுக்க, சதுர மி.மீ.க்குச் சுமார் 10,000 நியூட்டன். இங்கே ஆழத்தின் மூன்றாம் அடுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 10 என்று நினைத்த ஆழம் உண்மையில் 10.5 ஆக இருந்தால் விடை 16 சதவீதம் தவறிவிடும். அதனால்தான் வெர்னியரை முதலிலேயே கேட்டேன். மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள்.

உடையப் போகும் நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். மரம் முன்கூட்டியே முனகும். மேல்பக்கத்தில் நார்கள் மடிந்து மெல்லிய சுருக்கக் கோடு தோன்றும், வரைபடம் வளையத் தொடங்கும், அதன் பிறகுதான் அடிப்பக்கம் கிழியும். உடைந்த முகத்தைப் படம் எடுங்கள். நீளமாகச் சிராய் சிராயாகக் கிழிந்ததா, சரிவாகப் போனதா, பிஸ்கட் போலச் சட்டென்று தட்டையாக முறிந்ததா? சரிவாகப் போயிருந்தால் நார் சரிந்திருக்கிறது என்று அர்த்தம். தட்டையாக முறிந்திருந்தால் பூஞ்சை தாக்கியதா என்று சந்தேகப்படுங்கள். எத்தனை கிலோ என்ற எண்ணைவிட இந்த முகம் எனக்கு எப்போதும் அதிகம் சொல்லும்.

படுத்தவாட்டில், நின்றவாட்டில், ஒட்டி, ஒட்டாமல்

அதே மரத்தில் 10-க்கு 20 மி.மீ. குச்சி ஒன்றைப் படுக்க வைத்தும் நிறுத்தி வைத்தும் ஒரே சுமைக்குத் தொய்வு பாருங்கள். நிறுத்தினால் தொய்வு நான்கில் ஒரு பங்கு, வலிமை இரண்டு மடங்கு என்று கணக்கு சொல்லும். பழைய வீட்டில் அளந்துவந்த உத்திரத்தின் அகலம், ஆழம் இப்போது கைகொடுக்கும்.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த சோதனை. 20 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிமனுள்ள நான்கு பட்டைகள் வேண்டும். இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாகச் சும்மா வையுங்கள். மற்ற இரண்டை ஃபெவிகால் தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரு முழு நாள் காயவிடுங்கள். இரண்டு ஜோடியின் பக்கவாட்டிலும் நுனியிலிருந்து நுனிவரை இடைவெளி விட்டுப் பென்சிலால் மேலிருந்து கீழாகக் கோடுகள் போடுங்கள், ஒவ்வொரு கோடும் இரண்டு பட்டையையும் கடக்கும்படி. சுமை ஏற்றினால், ஒட்டாத ஜோடியில் நுனிப்பக்கக் கோடுகள் நடுவில் முறிந்து விலகும். ஒரு பட்டை மற்றதன் மேல் வழுக்குகிறது. ஒட்டிய ஜோடியில் கோடுகள் முறியாது. அதே மரம், அதே எடை, ஒட்டினதால் மட்டும் விறைப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்கு. புத்தகத்தில் கிடை வெட்டுத் தகைவு என்று படித்துப் புரியாமல் போனவர்களுக்கும் இந்தக் கோடுகளைப் பார்த்தால் புரிந்துவிடும்.

ஜெர்மனியில் ஓட்டோ ஹெட்சர் 1906-இல் காப்புரிமை வாங்கிய ஒட்டுப் பலகை உத்திரமும், 1990-களில் ஆஸ்திரியா, ஜெர்மனிப் பக்கம் வளர்ந்த குறுக்கு அடுக்குப் பலகையும் நிற்பது இந்தத் தத்துவத்தில்தான். இன்றைய உயரமான மர அடுக்குமாடிகள் பெரும்பாலும் இவற்றால் ஆனவை. ஒன்று மட்டும் எச்சரிக்கை: தச்சுக்கடை வெள்ளைப் பசை நாள்கணக்கில் சுமை நின்றால் மெதுவாக இழுபடும். மாதிரிக்குச் சரி, ஆள் ஏறும் எதற்கும் அதை நம்பக் கூடாது.

தூண்

இதற்கு வாளிகூட வேண்டாம். 6 மி.மீ. சதுரக் குச்சியில் 600 மி.மீ. நீளம் ஒன்று, 400 மி.மீ. ஒன்று. இரு முனையையும் லேசாகச் சீவி, சமையல் தராசின் மேல் நிறுத்தி மேலிருந்து உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். யங் குணகம் 10,000 என்றால், ஆய்லர் சூத்திரப்படி நீளமானது 3 கிலோவிலும் குட்டையானது 6.8 கிலோவிலும் பக்கவாட்டில் வளைய வேண்டும். மரம் நசுங்குவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, வளைவதால் வரும் தோல்வி இது. வளைந்ததும் கையை எடுத்துவிட்டால் குச்சி நிமிர்ந்துவிடும். ஒரே குச்சியை எத்தனை பேர் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

போதிகையும் கழுந்தும்

போதிகை மாதிரி செய்பவர்கள் இரண்டு தூண், ஒரு உத்திரம் என்று தொடங்கி மாட்டிக்கொள்வார்கள். ஒரு பக்கம் மட்டும் சுமை வந்தால் போதிகை அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். மூன்று தூண், அவற்றுக்கு நடுவே இரண்டு கண் (இடைவெளி) வைத்து, உத்திரத்தைக் கடைசித் தூண்களுக்கு வெளியேயும் சற்று நீட்டிவிடுங்கள். அப்போதுதான் போதிகையின் இரு கைகளுக்கும் சுமை வந்து சமன்படும். இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் சமமாக ஏற்ற வேண்டும், வாளியும் இரண்டு வேண்டும். முதலில் போதிகை இல்லாமல் தொய்வைக் குறியுங்கள், பிறகு வைத்துக் குறியுங்கள். உங்கள் கணக்கு சொன்ன அளவுக்குத் தொய்வு குறையாது. போதிகையும் கொஞ்சம் வளையும், சேரும் இடத்தில் மரம் கொஞ்சம் நசுங்கும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முயலுங்கள். கடைசியில் உத்திரத்தைத் திருப்பிப் பார்த்தால், போதிகை இல்லாதபோது தூண் பதிந்த பள்ளமும் இருக்கும்போது பதிந்த பள்ளமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்.

கழுந்துக்கு ஒரு ஆசாரியிடம்தான் போக வேண்டும். இதைக் காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று நான் சொல்ல மாட்டேன். துளைக்கும் கழுந்துக்கும் நடுவில் எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பது கைக்குத்தான் தெரியும். தட்டினால் உள்ளே போக வேண்டும், தட்டாமல் போகக் கூடாது. கழுந்தின் தடிமன் மரத்தின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கோடு தொடங்குங்கள். அவருடைய நேரத்துக்குக் கூலி கொடுங்கள், அறிக்கையில் அவர் பெயரைக் கேட்டுப் போடுங்கள்.

20 மி.மீ. சதுரச் சட்டத்தில் ‘ட’ வடிவ மூட்டு நான்கு வகை செய்யுங்கள்: ஆணி அடித்தது, ஒட்டியது, கழுந்து மட்டும், கழுந்தோடு குறுக்கே மர ஆணி. ஒரு காலை வைஸில் இறுக்கி, மற்றக் காலில் மூட்டிலிருந்து 300 மி.மீ. தள்ளிச் சுமை தொங்கவிடுங்கள். நுனி 10 மி.மீ. இறங்கும் சுமையையும், மூட்டு விட்டுப்போகும் சுமையையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒட்டிய மூட்டு விறைப்பாக நின்று சட்டென்று போகும். ஆணி மூட்டு சீக்கிரமே தளர்ந்தாலும் ஆணி வளைந்து இழுபட்டு நெடுநேரம் விடாது. ஒரு கட்டடத்துக்கு எது நல்லது என்று குழுவில் விவாதியுங்கள். நான் இழுபட்டு எச்சரிக்கும் மூட்டின் பக்கம்.

சுவர்ச் சட்டம்

2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது இந்தத் தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கும். மேலிருந்து வரும் சுமையை மட்டும் கணக்கிட்டுக் கட்டினால் போதாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பக்கவாட்டில் தள்ளும் காற்றை எப்படித் தாங்குவது என்பதற்கான சோதனை இது.

20 மி.மீ. சட்டத்தில் 60-க்கு 60 செ.மீ. சதுரம் மூன்று செய்து, மூலைகளில் ஆணி மட்டும் அடியுங்கள். ஒன்று வெறும் சட்டம். ஒன்றில் மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டம். ஒன்றில் 4 மி.மீ. பிளைவுட்டைச் சுற்றிலும் 5 செ.மீ.க்கு ஓர் ஆணி வீதம் அடியுங்கள். அடிச்சட்டத்தைக் கனமான மேசையில் கிளாம்ப் போட்டுப் பிடித்து, மேல் மூலையில் கயிறு கட்டி, கிணற்று ராட்டினம் போன்ற ஒரு கப்பி வழியாக வாளிக்குக் கொண்டுபோங்கள். மேல்மூலை எத்தனை மி.மீ. நகர்ந்தது என்று பாருங்கள். வெறும் சட்டம் இரண்டு மூன்று கிலோவுக்கே சாய்சதுரமாகிவிடும். பிளைவுட் அடித்ததில் பலகைக்கு ஒன்றும் ஆகாது, ஆணிகள்தான் வளையும். ஆணி இடைவெளியை 10 செ.மீ. ஆக்கி மறுபடி செய்தால், சுவரின் பலம் பலகையைவிட ஆணியின் எண்ணிக்கையில் இருப்பது தெரியவரும்.

கயிறு இழுக்கும் திசைக்கு எதிர்ப்பக்கத்துக் கீழ்மூலை மேலே எழும்பப் பார்க்கும். உயரமும் அகலமும் சமமான சட்டத்தில், சட்டத்தின் சொந்த எடையை விட்டுவிட்டால், எழுப்பும் விசை நீங்கள் இழுக்கும் விசைக்குச் சமம். 90 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலம் என்றால் ஒன்றரை மடங்கு. அந்த மூலையின் கிளாம்ப்பைத் தளர்த்திப் பார்த்தால், கட்டடத்தை அடித்தளத்தோடு ஏன் பூட்ட வேண்டும் என்பது உடனே விளங்கும். 2023 மே மாதம் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில், முழு அளவுப் பத்து மாடி மரக் கட்டடத்தை அதிர்வு மேசையில் ஏற்றி, 1994 நார்த்ரிட்ஜ், 1999 சிச்சி நிலநடுக்கங்களின் அசைவுகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். அவர்கள் பார்த்த கேள்விகளில் பல இந்தச் சிறு சதுரத்திலேயே இருக்கின்றன.

கல்லூரி ஆய்வகத்துக்குப் போகும்போது

வாளிச் சோதனை கைவந்த பிறகு ஆய்வகம். இந்தியத் தர நிர்ணயத்தில் ஐஎஸ் 1708 கணுவில்லாச் சிறு மரத்துண்டுகளைச் சோதிக்கும் முறைகளைச் சொல்கிறது. வளைவுச் சோதனைக்கு 20-க்கு 20 மி.மீ., 300 மி.மீ. நீளம், தாங்கல் இடைவெளி 280 மி.மீ.; பெரிய அளவு வேண்டுமானால் 50-க்கு 50, 750 நீளம், 700 இடைவெளி. சிறிய துண்டு 1.5 கிலோ நியூட்டன் பக்கம் உடையும். இழுத்தும் அழுத்தியும் சோதிக்கும் ஆய்வகத்துப் பெரிய யுடிஎம் இயந்திரம் நூற்றுக்கணக்கான கிலோ நியூட்டனுக்குச் செய்தது, இவ்வளவு சிறிய சுமையை அதில் நுணுக்கமாகப் படிக்க முடியாது. மண்ணியல் ஆய்வகத்தில், சாலைக்கு மண்ணின் தாங்குதிறனைப் பார்க்கும் சிபிஆர் சோதனைச் சட்டம் இருக்கும். அது நிமிடத்துக்கு 1.25 மி.மீ. வேகத்தில் இறங்கும், ஐஎஸ் 1708 இந்த அளவுக்குக் கேட்கும் 1 மி.மீ.க்குப் பக்கம்தான். சுமையை அளந்து காட்டும் சிறிய புரூவிங் ரிங் மாட்டி அதில் செய்யுங்கள், ஆசிரியரிடம் முதலில் கேட்டுவிட்டு.

முடிவு வந்ததும், கட்டடங்களில் மரத்தை வடிவமைக்கும் விதிகளைச் சொல்லும் ஐஎஸ் 883-ஐப் பிரித்துப் பாருங்கள். சோதனையில் 80, 90 தாங்கிய மரத்துக்கு, வடிவமைப்பில் 12 முதல் 18 வரை மட்டும் அனுமதிக்கும் பிரிவு உண்டு. இவ்வளவு குறைத்து வைத்திருக்கிறார்களே என்று முதலில் தோன்றும். நீங்கள் ஒதுக்கிவைத்த கணுக்குச்சிகளையும் சரிவு நார்க் குச்சிகளையும் இப்போது உடையுங்கள். நீங்கள் சில நிமிடங்களில் ஏற்றிய சுமையை அந்த உத்திரம் ஐம்பது ஆண்டு தாங்க வேண்டும் என்பதையும், மழைக்காலத்தில் ஈரம் ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறைத்ததற்குக் காரணம் உங்கள் வரைபடத்திலேயே கிடைக்கும்.

பதிவேடு

ஒரு குச்சிக்கு ஒரு வரி: எண், மரத்தின் பெயர், எங்கே வாங்கியது, மூன்று இடத்து அகலம், ஆழம், எடை, ஈரம், நார்ச் சரிவு, முன்கூட்டி எழுதிய சுமை, உண்மையில் உடைந்த சுமை, உடைந்த விதம், படத்தின் எண். முன்கூட்டி எழுதிய எண்ணை அழித்துத் திருத்த யாருக்கும் அனுமதி கிடையாது. தேக்கையோ வேம்பையோ இழைக்கும்போது மூக்குக்கு மாஸ்க் போடுங்கள், மரத்தூசி சிலருக்கு மூச்சையும் தோலையும் பாதிக்கும். உடைந்த துண்டுகளில் எண்ணை எழுதி, ஜோடி ஜோடியாகக் கட்டி, ஒரு பெட்டியில் போட்டு ஆய்வகத்திலேயே வைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு வருபவர்கள் பதிவேட்டைத் திறக்காமல், துண்டின் முறிந்த முகத்தைப் பார்த்து எத்தனை கிலோவில் உடைந்திருக்கும் என்று முதலில் எழுதட்டும். அவர்களுக்கு அதுவே முதல் பயிற்சி.